தீபாவளிக்கு வீடு நிறையும்போது: முறுக்குக் குழல் முதல் தாயக்கட்டை வரை எது காசுக்குத் தகும்?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே உறவினர் வந்து இறங்கும் வீடுகளில் பலகாரம் சுடுவதுதான் முதல் கொண்டாட்டம். அதற்காக வாங்கும் சாமான் எதுவானாலும் அதனிடம் ஒரு கேள்வி கேட்கலாம். இதை வைத்து நான்கு பேர் சேர்ந்து வேலை பார்க்க முடியுமா, இல்லை ஒருவர் மட்டும் அடுப்படியில் நின்று வேக வேண்டுமா? பாட்டிக்கும் பத்து வயதுப் பேரனுக்கும் ஒரே நேரத்தில் கைவேலை தருகிற பொருளுக்குத்தான் பண்டிகைக் காசு தகும். முறுக்குக் குழல், வாணலி, வெப்பமானி, கிரைண்டர், பல்லாங்குழி, தாயக்கட்டை, கேரம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் குழல். பாத்திரக் கடைகளில் பெரும்பாலும் நான்கு வகை கிடைக்கும்: திருகு வைத்த பித்தளைக் குழல், இரண்டு கைப்பிடியால் அழுத்தும் எவர்சில்வர் குழல், பழைய பாணி மரக் குழல், விசையை அமுக்கினால் பிழியும் துப்பாக்கி வடிவக் குழல்.

துப்பாக்கி வடிவத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது பிஸ்கட் மாவுக்காக வந்த வடிவம். வெண்ணெய் நிறைந்த இளகிய மாவு அதில் சுலபமாக வரும். அரிசி மாவு அப்படியில்லை. கெட்டி மாவை அழுத்தும்போது விசையின் பல் நழுவும், அலுமினியத் தண்டு வளையும். அது வழிவிட வேண்டும் என்று மாவைத் தளர்த்தினால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். குழலுக்காக மாவின் பதத்தை மாற்றும் நிலை வந்தாலே அந்தக் குழல் அந்த வேலைக்கு ஆகாது.

மரக் குழல் பிழிவதில் மிக நல்லது. கை அழுத்தம் நேராக மாவில் இறங்குவதால் முறுக்கின் முள் கூர்மையாக விழும். ஆனால் அதற்குத் தோள் பலம் வேண்டும், பராமரிப்பும் வேண்டும். புதிதாக வாங்கியதும் உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி, ஒரு நாள் ஊறவிட்டுத் துடைத்து, மறுபடியும் தடவ வேண்டும். வெந்நீரில் கழுவினாலோ வெயிலில் காயவைத்தாலோ விரிசல் விடும். விரிசலில் தங்கிய மாவு புளித்துப் பூஞ்சை பிடிக்கும். ஏற்கெனவே வீட்டில் நல்ல மரக் குழல் இருந்தால் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவோருக்கு அதைச் சொல்லமாட்டோம்.

மிச்சம் இரண்டு. எவர்சில்வர் இரட்டைக் கைப்பிடிக் குழலில் இரு கையாலும் அழுத்திக்கொண்டே வட்டம் சுற்றலாம் என்பதால் வளையங்கள் ஒரே அளவில் அழகாக வரும். கழுவுவதும் எளிது. கடைசி ஈடு வரும்போது மணிக்கட்டு வலிப்பதுதான் குறை. திருகு வைத்த பித்தளைக் குழலில் கைப்பிடியைத் திருகத் திருக மரை இறங்கி மாவைத் தள்ளும். எவ்வளவு கெட்டியான மாவானாலும் சிறிய பலமே போதும். ஒரு கை குழலைப் பிடிக்க, மறு கை திருகுவதால் தானாக வட்டம் சுற்ற வராது. தேன்குழல், ஓமப்பொடி போன்று எப்படி விழுந்தாலும் சரியாக இருப்பவற்றுக்கு அது ஒரு குறையே இல்லை. வட்ட முறுக்குக்கு, ஒருவர் திருகும்போது இன்னொருவர் கீழே இருக்கும் வாழை இலைத் துண்டைச் சுற்றிக்கொடுத்தால் போதும்.

கூட்டமாகச் செய்யும் வீட்டுக்கு எங்கள் முதல் தேர்வு இந்தப் பித்தளைத் திருகுக் குழல்தான். மூட்டுவலி, விரல்வலி உள்ள பெரியவர்களும் பிழியலாம், பிள்ளைகளும் பிழியலாம். விலை எவர்சில்வரைவிடக் கூடுதல். பிழிந்து முடித்த அன்றே கழுவித் துடைத்துக் காயவைக்காவிட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிடித்தால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்த மாவை வைக்க வேண்டும். மரையில் இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு வைத்தால் அடுத்த பண்டிகைக்கு இறுகாமல் சுழலும்.

கடையிலேயே பார்த்து வாங்க வேண்டியவை சில உண்டு. தண்டின் அடித்தட்டுக்கும் குழலின் உட்சுவருக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அதை வாங்காதீர்கள். அழுத்தும்போது மாவு கீழே போவதற்குப் பதிலாகத் தட்டைத் தாண்டி மேலே ஏறிவரும். மூடியின் மரை குறைந்தது இரண்டு சுற்றாவது இறங்க வேண்டும். அரைச் சுற்றில் பூட்டும் மூடி, அழுத்தம் ஏறும்போது துளையிட்ட அச்சு வில்லையோடு சேர்ந்து கழன்று எண்ணெயில் விழும். இது விளையாட்டான விஷயம் அல்ல, தீக்காயம் படும். வில்லைகளின் துளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் மாவின் இழை ஒரு பக்கமாகக் கிழிந்து விழும்.

அகலமான குழல் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். உள்விட்டம் 5 செ.மீ. உள்ள குழலைவிட 6 செ.மீ. குழலுக்கு 44 சதவீதம் கூடுதல் பலம் கொடுத்தாக வேண்டும். விட்டம் கொஞ்சம் ஏறினாலும் பரப்பு அதன் வர்க்கமாக ஏறுவதே காரணம். கையால் அழுத்தும் குழலில் 5 செ.மீ. தாண்ட வேண்டாம். திருகுக் குழலில் 6 வரை போகலாம்.

வில்லைகள் பத்துப் பன்னிரண்டு தருகிறார்கள். பண்டிகைக்குத் தேவைப்படுவது ஐந்துதான். மூன்று வட்டத் துளை தேன்குழலுக்கு, ஒற்றை நட்சத்திரம் முள்ளு முறுக்குக்கு, நுண்துளை ஓமப்பொடிக்கு, நடுத்தரத் துளை காராசேவுக்கு, பல்வைத்த கீற்று ரிப்பன் பக்கோடாவுக்கு. இந்த ஐந்தும் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கைமுறுக்குக்குக் குழலே வேண்டாம், விரல்தான் அச்சு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கின் பெயருக்கும் பின்னால் இருப்பது பழகிய கைதான்.

இனி மாவு. எந்தக் குழல் வாங்கினாலும் முறுக்கு நன்றாக வருவதும் வராததும் முக்கால்வாசி இங்கேதான் முடிவாகிறது. 240 மி.லி. கப் அளவில் தேன்குழலுக்கு: சலித்த பச்சரிசி மாவு 4 கப், வறுத்து அரைத்துச் சலித்த உளுத்தம் மாவு அரை கப், வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, பெருங்காயத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி. உளுந்தை வெறும் சட்டியில் மிதமான தீயில் வாசனை வரும்வரை வறுத்தால் போதும், நிறம் சிவக்கக் கூடாது. வெண்ணெயை முதலில் உலர்ந்த மாவில் விரல் நுனியால் பிசிறி, கையில் பிடித்தால் பிடி நிற்கும் பதம் வந்த பிறகுதான் தண்ணீர். ஒன்றே முக்கால் கப்பில் தொடங்கி, தேவைக்குத் தெளித்துத் தெளித்துச் சேர்க்கவும். கடையில் வாங்கிய காய்ந்த மாவு அதிகம் இழுக்கும். வீட்டில் ஊறவைத்து இடித்த ஈர மாவு குறைவாக இழுக்கும். அதனால் தண்ணீருக்கு ஒரே அளவு என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எல்லா மாவையும் ஒரே தடவையில் பிசைந்து வைப்பதுதான் கூட்டமாகச் செய்யும்போது நடக்கும் பெரிய பிழை. பேச்சும் சிரிப்புமாக வேலை மெதுவாக நகரும், மாவு காயும். காய்ந்த மாவு பிழியும்போது துண்டு துண்டாக அறுந்து விழும், பொரியும்போது செக்கச் சிவக்கும். உலர் மாவில் வெண்ணெய் கலந்து மூடி வைத்துவிட்டு, இரண்டு கப் இரண்டு கப்பாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். உப்பையும் அந்தந்த ஈட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஓரிடத்தில் கரிக்காது.

தவறு நேர்ந்தால் அடையாளம் இப்படி. எண்ணெயில் போட்டதும் முறுக்கு பிரிந்து நுரைத்துக் கரைந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. அதே மாவில் அரிசி மாவு கால் கப் சேர்த்துப் பிசையலாம். பல்லை உடைக்கும் அளவு கடினமாக வந்தால் வெண்ணெயோ உளுந்தோ போதவில்லை. ஒரு மேசைக்கரண்டி சூடான எண்ணெய் விட்டுப் பிசைந்து பாருங்கள். வெளியே சிவந்து உள்ளே மெத்தென்று இருந்தால் மாவில் குற்றமில்லை, எண்ணெய் அதிகம் காய்ந்திருக்கிறது. உளுத்தம் மாவைச் சலிக்காமல் போட்டால் குருணை துளையில் அடைத்துக்கொள்ளும், எண்ணெயில் தெறிக்கவும் செய்யும். சீடை வெடிப்பதற்கும் இதே குருணையும் உள்ளே சிக்கிய ஈரமும்தான் பெரும்பாலும் காரணம். பிள்ளைகள் சுற்றி நிற்கும் நாளில் சீடையை விட்டுவிட்டு முறுக்கோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

நான்கு பேர் வேலை செய்யும் முறை இதுதான். அடுப்பிலிருந்து தள்ளி, கூடத்தில் உட்கார்ந்து பிழிய வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய வாழை இலைத் துண்டுகள் அல்லது எண்ணெய் தடவிய, கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள் துண்டுகள் இருபது இருந்தால் போதும். ஒருவர் திருக, ஒருவர் இலையைச் சுற்ற, ஒருவர் தட்டில் அடுக்கி அடுப்படிக்குக் கொண்டுபோக, அனுபவமுள்ள ஒருவர் மட்டும் எண்ணெய்ப் பக்கம் நிற்கட்டும். அவர் இலையைக் கவிழ்த்துக் கரண்டியின் முதுகில் முறுக்கை வாங்கி, மெல்ல எண்ணெயில் நழுவவிட வேண்டும். எண்ணெய்க்கு நேர்மேலே குழலைப் பிடித்துப் பிழியும் பழக்கத்தில் ஆவி பட்டுப் பித்தளை சூடேறும், கையும் சுடும். பழகியவர்கள் செய்யட்டும், பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். பிழிந்து வைத்தவை பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது, மேலே தோல் கட்டிவிடும்.

வாணலிக்கு வருவோம். அடிகனம் என்பதுதான் ஒரே விதி. மெல்லிய வாணலியில் நான்கு முறுக்கு போட்டதும் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும், மறுபடி ஏற நேரமாகும், அதற்குள் மாவு எண்ணெயைக் குடித்துவிடும். கனமான இரும்பு வாணலியோ தடித்த இண்டாலியமோ தன்னுள் வைத்திருக்கும் சூட்டால் அதைச் சமாளிக்கும். மேல்வாய் 28 முதல் 30 செ.மீ., ஆழம் 9 செ.மீ. குறையாமல் இருந்தால் ஒன்றேகால் லிட்டர் எண்ணெயில் ஒரே நேரத்தில் நான்கைந்து முறுக்கு போடலாம். பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. இன்டக்ஷன் அடுப்பு உள்ளவர்கள் தட்டையான அடி உள்ள இரும்பு வாணலியாகப் பார்க்கவும், குழிவான அடி அங்கே உதவாது. ஒட்டாத பூச்சு வாணலியை இதற்கு எடுக்காதீர்கள். ஜல்லிக்கரண்டி ஓயாமல் உரச உரசப் பூச்சு உரியும்.

வடிகட்டாத செக்குக் கடலையெண்ணெய் நல்ல மணம் தரும், ஆனால் முதல் சூட்டில் பொங்கி நுரைக்கும். கொட்டை நீக்கிய சிறு புளி உருண்டை ஒன்றைப் போட்டுப் பொரித்து எடுத்துவிட்டால் நுரை அடங்கும். பொங்கி வழியும் அபாயம் இருப்பதால் அந்த எண்ணெயை வாணலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். வாணலிக்குப் பொருந்தும் தட்டு மூடி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது.

இந்த வரிசையில் நாங்கள் மிகவும் சிபாரிசு செய்யும் புதுப் பொருள், ஊசி வைத்த டிஜிட்டல் சமையல் வெப்பமானி. 250 டிகிரி செல்சியஸ் வரை காட்டுவதாக இருக்க வேண்டும். முறுக்குக்கு 170 முதல் 180, அதிரசத்துக்கு 150 முதல் 160. மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கும் முறை சரியானதுதான். ஆனால் அது பழகிய கண்ணுக்குத்தான் பேசும். வெப்பமானி இருந்தால் முதன்முறை அடுப்பில் நிற்கும் மருமகனையும் நம்பி விடலாம். தொடாமல் தூரத்திலிருந்து அளக்கும் வெப்பமானி வேண்டாம். அது மேற்பரப்பை மட்டும் படிக்கும், பளபளக்கும் பாத்திரத்தில் தவறாகவும் காட்டும். முறுக்கு வெந்ததை மட்டும் காதால் கேட்டறிய வேண்டும். சலசலவென்ற ஓசை அடங்கிக் குமிழி குறைந்தால் எடுத்துவிடலாம்.

வெப்பமானி தன் விலையை முழுதாக மீட்டுத் தருவது அதிரசத்தில்தான். மாவுப் பச்சரிசி 1 கிலோவை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, கையில் எடுத்தால் ஒட்டாமல் ஆனால் ஈரம் தெரியும் பக்குவத்தில் அரைக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த அரிசியில் அதிரசம் வராது, மாவு பாகை உறிஞ்சிக் கல்லாகும். வெல்லம் 750 கிராம், பாகு வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு கப் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டிக் காய்ச்சுங்கள். 112 டிகிரியில் தொடங்கிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வரும் நேரம், 112க்கும் 116க்கும் நடுவில் எங்காவது இருக்கும். வெல்லத்துக்கு வெல்லம் இது மாறுவதால் வெப்பமானி எச்சரிக்க மட்டும்தான் செய்யும், தீர்ப்பு தண்ணீர்க் கிண்ணத்தில்தான்.

அடுப்பை அணைத்துவிட்டு ஏலக்காயும் சுக்கும் போட்டு, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியான பதத்தில் நிறுத்திவிடுங்கள், ஆறும்போது இறுகும். முழு மாவையும் கொட்டித் தீர்க்க வேண்டிய அவசியமில்லை. கால் கப் மாவை ஒதுக்கி வைத்தால் பின்னால் காப்பாற்றும். மேலே நெய் தடவி, துணி கட்டி இரண்டு நாள் வையுங்கள். சுடும்போது எண்ணெயில் பிரிந்தால் பாகு இளம்பதத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது, ஒதுக்கிய மாவைச் சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் வைக்கலாம். கெட்டித்து விரிசல் விட்டால் பாகு முற்றிவிட்டது, ஒரு மேசைக்கரண்டி பால் தெளித்துப் பிசையலாம். எண்ணெயை ஒட்டப் பிழிய, அடி தட்டையான இரண்டு கிண்ணங்கள் போதும். இதற்கென்று விற்கும் அழுத்துக்கட்டை இருந்தால் வசதிதான், ஆனால் கட்டாயமில்லை. சூடாக இருக்கும்போதே அழுத்த வேண்டும், ஆறியபின் அழுத்தினால் உடையும்.

கிரைண்டர் பற்றிச் சுருக்கமாக. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த ஊர்க் கல் உருளைகளின் பெயர் வீண்போகவில்லை. தீபாவளிக் காலையில் பதினைந்து பேருக்கு மெதுவடை என்றால் மிக்ஸியை நம்ப வேண்டாம். அதன் வேகத்தில் மாவு சூடேறும், சூடேறிய உளுந்து பொங்காது. இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர் போதும். 2 லிட்டர் என்பது பாத்திரத்தின் கொள்ளளவு. உளுந்து பொங்குவதால் ஒரு ஈட்டுக்கு அரைக் கிலோவோடு நிறுத்துங்கள். உளுந்து ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும், அதற்கு மேல் ஊறினால் வடை எண்ணெய் குடிக்கும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து 25 நிமிடம் அரைத்து, ஒரு துளியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்க வேண்டும். உப்பைச் சுடும் நேரத்தில் சேருங்கள், முன்பே சேர்த்தால் மாவு நீர்த்துப்போகும்.

சுட்டதை எல்லாம் செய்தித்தாளில் பரப்பாதீர்கள், அச்சு மை எண்ணெயில் ஒட்டும். துளையிட்ட வடிதட்டு ஒன்றும் அதன் அடியில் ஒரு தாம்பாளமும் போதும். முழுக்க ஆறாமல் டப்பாவில் போட்டால் ஆவி உள்ளே வேர்த்து மறுநாளே நமுத்துவிடும். இத்தனையும் தின்ற வயிற்றுக்கு லேகியம் வேண்டும். கடையில் தனித்தனியாக வாங்கிய சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், தனியா, சீரகம் ஆகியவற்றை இளவறுப்பாக வறுத்துப் பொடித்து, பொடியின் அளவுக்கு ஒன்றரை மடங்கு வெல்லப்பாகில் கிளறி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுச் சுருள இறக்கி, ஆறியபின் தேன் சேர்க்க வேண்டும். பொட்டலமாக வரும் கலவையை வாங்குவதானால் பொடியின் மணத்தை முகர்ந்து பாருங்கள். பழைய சரக்கில் ஓம வாசனை முதலில் போய்விடும்.

அடுப்பு அணைந்த பிறகுதான் வீட்டுக் கூட்டம் உண்மையில் உட்காரும். அந்த நேரத்து ஆட்டங்களில் பல்லாங்குழிதான் எங்களுக்குப் பிடித்தது. ஏழு குழி இரண்டு வரிசை, மொத்தம் 14. குழிக்கு ஐந்து வீதம் 70 காய். தன் பக்கக் குழி ஒன்றை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம், அத்தோடு முறை மாறும். அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமை என்றால் எதுவும் கிடைக்காது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். விதிகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தொடங்கும் முன்பே பெரியவர் ஒருவர் சொல்லும் விதியை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணத் தெரிந்த பிள்ளை பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். பாட்டியோ பசு விழும் குழியை முன்கூட்டியே கண்டு ஆடுவார். இருவரும் சமமாக உட்கார முடிகிற ஆட்டம் வேறு அதிகம் இல்லை.

பலகை வாங்கும்போது குழியின் அளவுதான் முக்கியம். வாய் ஐந்து செ.மீ.க்குக் குறைந்தால் பெரியவர்களின் விரல் நுழையாது, பாதி ஆட்டம் காய்களைத் தோண்டி எடுப்பதில் கழியும். ஆட்டத்தின் நடுவில் ஒரு குழியில் பதினைந்து காய்க்கு மேல் சேரும். ஆழமற்ற குழியில் அவை வழிந்து பக்கத்துக் குழியில் கலந்தால் சண்டைதான். நீளவாக்கில் மடங்கும் மரப் பலகை நல்லது, மூடிய பலகையே காய்ப்பெட்டியாகிவிடும். கீல் திருகாணியால் பூட்டியதா, வெறும் ஆணியா என்று பாருங்கள். ஆணி அடித்தது ஒரு பண்டிகைக்குமேல் தாங்காது. பித்தளைப் பலகை அழகுக்கு வைக்கலாம், ஆடுவதற்குக் காய் விழும் ஓசை காதை அறுக்கும். பிளாஸ்டிக் பலகை பயணத்துக்குப் பரவாயில்லை, காய் துள்ளி வெளியே ஓடும்.

காய்க்கு புளியங்கொட்டை அல்லது சோழி. சிவப்பில் கருப்புப் புள்ளி வைத்த குன்றிமணியைத் தயவுசெய்து பிள்ளைகள் ஆடும் இடத்தில் வைக்காதீர்கள். கடித்து விழுங்கினால் கொடிய நஞ்சு. அழகு வேண்டுமென்றால் புள்ளி இல்லாமல் முழுக்கச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வாங்கலாம். சிறுகுழந்தை தவழும் வீட்டில் எந்தக் காயும் மூக்குக்கும் தொண்டைக்கும் ஆபத்து என்பதால் ஆட்டம் முடிந்ததும் எண்ணி வையுங்கள். எழுபது என்ற கணக்கு அதற்கும் உதவும்.

நாலு பேருக்குத் தாயம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் கூட்டி ஒன்று வந்தால் தாயம், இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம். கணக்குப் பார்த்தால் 16 வாய்ப்பில் தாயம் விழுவது 2தான், மறு ஆட்டம் கிடைப்பது 6. அதாவது தாயம் போட்டுத்தான் காயை இறக்க வேண்டும் என்ற விதியில் ஒருவர் எட்டு தடவைக்கு ஒரு தடவைதான் இறங்க முடியும். பத்து முறை போட்டும் இறங்காத பிள்ளை எழுந்து போய்விடும். அவர்களுக்காக ஐந்துக்கும் இறங்கலாம் என்று வைத்தால் வாய்ப்பு 16இல் 4 ஆகும், ஆட்டம் உயிர்பெறும். ஆளுக்கு ஆறு காய் வைத்து ஆடினால் இரவு முழுக்க ஓடும். சாப்பாட்டுக்கு முன் முடிய வேண்டுமென்றால் நான்கு காய் வைக்கவும்.

மலிவான கட்டைகளில் விளிம்பு ஒரே மாதிரி இருக்காது, சில பக்கம் அதிகம் விழும். கடையிலேயே ஒரு கட்டையை நாற்பது முறை உருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் பத்து வாக்கில் வர வேண்டும், இருபது தடவை ஒரே பக்கம் வந்தால் வேறு ஜோடி கேளுங்கள். கட்டம் வரைந்த துணி விரிப்பு வாங்குவது நல்லது. வெறும் தரையில் பித்தளை உருளும் சத்தம் பக்கத்து அறையில் தூங்குபவரை எழுப்பும், கட்டையின் விளிம்பும் மழுங்கும்.

கேரம் பலகை வாங்குவோர் ஆடுகளம் 74 செ.மீ. சதுரமாக இருக்கும் பெரிய பலகையையே வாங்குங்கள். ப்ளைவுட் 8 மி.மீ.க்குக் குறைந்தால் ஸ்ட்ரைக்கர் அடித்துத் திரும்பும் வேகம் செத்துப்போகும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் நடுவே தொய்ந்து காய்கள் தாமே உருளும். நீண்ட இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் தொய்வு வெளிச்சமாகத் தெரிந்துவிடும். இந்த வரிசையில் கேரம்தான் பலகாரத் தட்டோடு ஒத்துவராத ஒரே ஆட்டம். முறுக்கு தின்ற விரல் பட்ட இடத்தில் பொடி கட்டியாகி, காய் அங்கேயே நின்றுவிடும். போரிக் பொடி தின்னக் கூடியதும் அல்ல. அது படிந்த கையோடு அதிரசத்தைத் தொடக் கூடாது. பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஈரத்துணியும் ஒரு உலர்துணியும் போட்டு, ஆட்டம் முடித்துக் கைகழுவியவருக்கே தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரம் ஒரு மூலையில், பல்லாங்குழி பலகாரத்துக்குப் பக்கத்தில். சோழியில் எண்ணெய்க் கை பட்டால் துடைத்துக்கொள்ளலாம்.